பியூஜோ வரட்டும், வரவேற்போம்! ஆனா போகும்போது என்ன செய்வாங்கன்னு இப்பவே எழுதி வாங்குவோம்

பிரான்சின் பியூஜோ கார் திரும்பவும் இந்தியாவுக்கு வருமா? கார் பிரியர்கள் கூடுற இடத்துல எல்லாம் இந்தப் பேச்சு திரும்பத் திரும்ப வருது. காரணம் இருக்கு. பியூஜோவும் சிட்ரோனும் இப்போ ஸ்டெல்லான்டிஸ் என்ற ஒரே குழுமத்தின் கையில். அந்தக் குழுமத்தோட கார் ஆலை நம்ம திருவள்ளூர்ல ஓடிக்கிட்டு இருக்கு. கியர்பாக்ஸ் ஓசூர்ல தயாராகுது. அப்போ சிங்கம் சின்னம் போட்ட பியூஜோ கார் இந்திய ரோட்டுக்கு வந்தா, அது தமிழ்நாட்டுத் தொழிலாளி கையால உருவாகி வர வாய்ப்பு அதிகம்.

அதனால இது கார் வாங்குறவங்க விஷயம் மட்டும் இல்லை. நம்ம விஷயம்.

முதல்லயே தெளிவா சொல்லிடுறோம். வர்ற தொழிலை எதிர்க்கிற கட்சி இல்லை நாம. நாலு பேருக்கு வேலை கிடைச்சா நமக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் கை தட்ட முடியாது. வரும்போது சிவப்புக் கம்பளம் விரிக்கிறோமே, போகும்போது என்ன நடக்கும்?

இந்தக் கேள்வியைக் கேட்க பியூஜோவின் சொந்தக் கதையே போதும்.

முதல் வருகை 1990-களில். தாராளமயம் வந்த புதுசு. பத்மினி கார் செய்த பிரீமியர் நிறுவனத்தோடு கூட்டு சேர்ந்து, மகாராஷ்டிராவின் கல்யாண் ஆலையில் பியூஜோ 309 காரை இறக்கினார்கள். ஜனங்க முன்பணம் கட்டி வரிசையில் நின்றார்கள். அடுத்து என்ன ஆச்சு? கூட்டாளிகளுக்குள் தகராறு. ஆலையில் தொழிலாளர் பிரச்சினை. சில வருஷத்துக்குள்ளேயே, 1997-இல், பியூஜோ மூட்டை கட்டிவிட்டது. ஆலை முடங்கியது. கட்டிய முன்பணத்தைத் திரும்ப வாங்க நுகர்வோர் மன்றப் படி ஏறியவர்கள் பலர்.

இரண்டாவது வருகை 2011-இல். குஜராத்தின் சனந்தில் 4,000 கோடி ரூபாயில் ஆலை என்று அறிவித்தார்கள். பத்திரிகை எல்லாம் தலைப்புச் செய்தி. அடுத்த வருஷமே ஐரோப்பாவில் விற்பனை சரிந்தது. பாரிசில் கணக்குப் பார்த்தார்கள், சனந்த் ஆலை நின்றுபோனது. ஒரு கார் கூட அங்கிருந்து வெளியே வரவில்லை.

மூன்றாவது வருகை 2017-இல். இந்த முறை சி.கே. பிர்லா குழுமத்தோடு கூட்டு, இடம் தமிழ்நாடு. தொடக்க முதலீடு சுமார் 700 கோடி ரூபாய். ஒரு காலத்தில் மிட்சுபிஷி லான்சர் செய்துகொண்டிருந்த திருவள்ளூர் ஆலைக்குப் புது உயிர் வந்தது. ஆனால் பியூஜோ பெயரில் இல்லை, சிட்ரோன் பெயரில். 2021-இல் சி5 ஏர்கிராஸ், 2022-இல் சி3, 2024-இல் பசால்ட். இங்கே செய்த மின்சார சி3 கார்கள் எண்ணூர் காமராஜர் துறைமுகம் வழியாக இந்தோனேசியா வரைக்கும் போயிருக்கு. நமக்குப் பெருமைதான். ஆனால் உள்நாட்டு விற்பனை, ஆலையின் திறனுக்குப் பக்கத்தில் கூட வரவில்லை. விளம்பரத்துக்கு நம்ம 'தல' தோனியையே கூட்டிட்டு வந்தும் ஷோரூமில் கூட்டம் சேரலை.

இன்னொரு செய்தி தெரியுமா? அதே 2017-இல் நம்ம அம்பாசிடர் என்ற பெயரையே 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது பியூஜோதான். வாங்கிய பெயரில் அவர்கள் ஒரு கார் கூட விடவில்லை. பெயர் அலமாரியில் தூங்குகிறது.

இதை எல்லாம் குத்திக்காட்டச் சொல்லவில்லை தோழர்களே. கம்பெனி என்றால் லாபம் பார்க்கும். லாபம் இல்லை என்றால் கிளம்பும். அது அவர்களின் இயல்பு. அவர்கள் கிளம்பும் நாளை மனசில் வைத்து முன்னாடியே ஏற்பாடு செய்ய வேண்டியது அரசு. அந்த வேலையை அரசு செய்கிறதா என்பதுதான் நம் கேள்வி.

இதன் வலி நமக்குப் புதுசு இல்லை. பியூஜோவை விடுங்கள், அமெரிக்கக் கம்பெனி ஃபோர்டை எடுத்துக்கொள்வோம். கால் நூற்றாண்டு மறைமலை நகரில் கார் செய்தது. 2021 செப்டம்பரில் ஒரே அறிவிப்பு: உற்பத்தியை நிறுத்துகிறோம். சுமார் 2,600 பேர் வேலை கேள்விக்குறி. அடுத்த வருஷம் கௌரவமான செட்டில்மெண்ட் கேட்டு அந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தமே செய்ய வேண்டியிருந்தது. நிரந்தரத் தொழிலாளிக்காவது ஒரு செட்டில்மெண்ட் பேச்சு இருந்தது. கேன்டீனில் வேலை செய்தவர், கம்பெனி பஸ் ஓட்டியவர், காண்ட்ராக்ட்டில் இருந்தவர், ஃபோர்டை மட்டுமே நம்பி லேத் வாங்கிப் போட்ட சின்னப் பட்டறைக்காரர், இவர்களுக்கு எந்த மேஜையில் யார் பேசினார்கள்?

இப்போது ஃபோர்டும் திரும்ப வருகிறது. 2025 அக்டோபரில் 3,250 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டாச்சு. நல்ல செய்தி. ஆனால் கவனிங்க. இந்தத் தடவை கார் இல்லை, ஏற்றுமதிக்கான என்ஜின். உற்பத்தி தொடங்குவது 2029-இல். சொல்லப்பட்ட வேலைவாய்ப்பு 600-க்கு மேல். போனது 2,600, திரும்புவது 600. 'திரும்பி வந்துட்டாங்க' என்ற ஒரு வார்த்தைக்குள்ள இந்த வித்தியாசம் காணாமல் போகக் கூடாது.

சரி, இதே பியூஜோ தன் சொந்த நாட்டில் சிக்கலில் மாட்டியபோது பிரான்ஸ் என்ன செய்தது?

2012-இல் நஷ்டம் தாங்காமல், பாரிஸ் பக்கத்தில் இருந்த ஓல்னே ஆலையை மூடப் போவதாக அறிவித்தது பியூஜோ குழுமம். அங்கே சுமார் 3,000 தொழிலாளிகள். மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. கடைசியில் 2013 அக்டோபரில் ஆலையின் கடைசிக் கார் வெளியே வந்தது. அது என்ன கார் தெரியுமா? சிட்ரோன் சி3. அதே பெயர்ப் பலகை மாட்டிய வேறொரு கார்தான் இன்று திருவள்ளூரில் தயாராகிறது. அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் ஓல்னேவும் நமக்கு ஞாபகம் வரணும்.

பிரான்ஸ் அரசால் அந்த ஆலையைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. பியூஜோவின் நிதி நிறுவனத்துக்கு 700 கோடி யூரோ வரை அரசு உத்தரவாதம் கொடுத்தது. கொடுக்கும்போதே நிபந்தனை போட்டது. நிறுவனத்தின் மேற்பார்வைக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதி உட்காரணும். உத்தரவாதம் இருக்கும் காலம் வரை பங்குதாரர்களுக்கு லாபப் பங்கு கிடையாது. 2014-இல் 80 கோடி யூரோ போட்டு 14 சதவீதப் பங்கையே அரசு வாங்கியது.

மக்கள் பணம் போனால் மக்களுக்கு ஒரு நாற்காலி. இதுதான் அவர்கள் கணக்கு.

அதோடு நிற்கவில்லை. 2014-இல் சட்டமே கொண்டு வந்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் ஓர் ஆலையை மூடுவதற்கு முன், அதை எடுத்து நடத்த வேறு ஆள் கிடைக்கிறாரா என்று தேடியாக வேண்டும். முதலில் போட்ட அபராதப் பிரிவை அவர்களின் அரசியல் சாசன மன்றம் ரத்து செய்தது. ஆனாலும் தேட வேண்டிய கடமை நின்றது.

தன் நாட்டு அரசு கேட்டபோது இத்தனைக்கும் தலையாட்டிய கம்பெனியிடம், நாம் கேட்டால் மட்டும் தப்பா?

நம் நாட்டில் நிலைமை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். முன்பு 100 தொழிலாளர்கள் இருந்தாலே, ஆலையை மூட அரசின் முன் அனுமதி வேண்டும். ஒன்றிய அரசு 2025 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் அந்த எண்ணிக்கை 300 ஆகிவிட்டது. பெரிய கார் ஆலை இதில் தப்பிக்காது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சுற்றி இருக்கும் உதிரிபாகக் கம்பெனிகள்? 150 பேர், 200 பேர் வேலை செய்யும் இடங்கள்? கார் ஆலை தும்மினால் முதலில் காய்ச்சலில் படுப்பது அவைதான். அங்கே பூட்டுப் போட இனி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அதனால்தான் சொல்கிறோம். சட்டம் தளர்ந்த இடத்தில் ஒப்பந்தம் கெட்டியா இருக்கணும். நிலம், மின்சார வரி, முத்திரைக் கட்டணம், மாநில ஜிஎஸ்டி என்று பெரிய முதலீடுகளுக்கு அரசு கொடுக்கும் சலுகைகள் எல்லாம் நம்ம பாக்கெட்டில் இருந்து போவது. பியூஜோவோ வேறு எந்தக் கம்பெனியோ புதுசாக வந்தாலும் சரி, திரும்பி வந்தாலும் சரி, ஆட்சியில் எந்தக் கட்சி இருந்தாலும் சரி, நாம் கேட்பது ஐந்தே விஷயம்.

ஒன்று: ஒப்பந்தத்தை மக்கள் முன் வையுங்கள். எவ்வளவு முதலீடு என்பதைப் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்கிறீர்கள். பதிலுக்கு நாம் என்ன கொடுத்தோம் என்பதையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இரண்டு: சலுகையை வேலையோடு கட்டுங்கள். சொன்ன வேலைகளை, சொன்ன வருஷம் வரை தந்தால் முழுச் சலுகை. பாதியில் கிளம்பினால் வாங்கிய சலுகையில் பாதியாவது திரும்ப வரணும்.

மூன்று: வேலை என்றால் நிரந்தர வேலை. பயிற்சியாளர், காண்ட்ராக்ட் என்று தலைகளைக் கூட்டிக் கணக்குக் காட்டுவதை ஏற்கக் கூடாது. சொன்ன எண்ணிக்கையில் நிரந்தரம் எத்தனை என்று தனியாக எழுதணும்.

நான்கு: கிளம்பும் நாளுக்கான நிதியை முதல் நாளிலிருந்தே தனிக் கணக்கில் போட்டு வரணும். காண்ட்ராக்ட் தொழிலாளியின் பணிக்கொடை, சின்ன வெண்டரின் பாக்கி, எல்லாம் அதிலிருந்து முதலில் கொடுக்கணும். கூடவே, மூடுவதற்கு முன் ஆலையை எடுத்து நடத்த ஆள் தேடியே ஆகணும்.

ஐந்து: கார் வாங்கியவரையும் நடுரோட்டில் விடக் கூடாது. இத்தனை வருஷம் வரை ஸ்பேர் பார்ட்ஸ், சர்வீஸ் உண்டு என்று எழுத்தில் கொடுக்கணும். லோன் போட்டுக் கார் வாங்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு, கம்பெனி போய்ட்டா அந்தக் கார் பாதி விலைக்குக் கூட போகாது.

இதைப் படித்ததும் சிலர் கேட்பார்கள்: "இத்தனை நிபந்தனை போட்டா பக்கத்து மாநிலத்துக்குப் போயிடுவான். கியா ஆந்திராவுக்குப் போகலையா?"

நியாயமான பயம்தான், ஒதுக்கித் தள்ள மாட்டோம். மாநிலங்கள் ஒன்றுக்கொன்று போட்டி போட்டு ஏலம் விடுவது உண்மை. ஆனால் யோசித்துப் பாருங்கள். 1990-களில் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த ஹூண்டாய் ஏன் இன்னும் இங்கேயே இருக்கிறது? சலுகைக்காக மட்டுமா? துறைமுகம் பக்கத்தில் இருக்கு. அம்பத்தூரிலிருந்து ஒரகடம், ஓசூர் வரை எந்த பாகம் கேட்டாலும் செய்து கொடுக்கும் பட்டறைகள் இருக்கு. ஐடிஐ, பாலிடெக்னிக், பொறியியல் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இதை எல்லாம் எந்தக் கம்பெனியும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவரவில்லை. நம்ம ஊர் பள்ளிக்கூடமும், நம்ம தொழிலாளியின் உழைப்பும் கட்டியது. கையில் சரக்கு இருக்கிறவன் விலை பேசலாம். நாம் ஏன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கணும்?

இன்னொன்று. நாலு நியாயமான நிபந்தனைக்கே ஓடிப் போகிற கம்பெனி, நாளைக்கு ஒரு நஷ்டக் கணக்கு வந்தாலும் ஓடத்தான் போகிறது. இருந்து தொழில் செய்ய நினைப்பவருக்கு இந்த ஐந்தில் எதுவும் பாரம் இல்லை.

கல்யாணத்துக்கு முன்னாடி பெண் வீட்டார் நாலு இடத்தில் விசாரிப்பது வழக்கம். மாப்பிள்ளை மேல் கோபமா? இல்லை. பெண் மேல் அக்கறை. பியூஜோ விஷயத்திலும் அவ்வளவுதான். ஒரு தடவை பாதியில் போனவர், ஒரு தடவை வாசல் வரை வந்து திரும்பியவர், மறுபடி வந்தால் வாங்க என்று சொல்லி நாற்காலி போடுவோம். கூடவே ஒரு பேப்பரும் பேனாவும் வைப்போம்.

தோழர்களே, இந்தப் பதிவை உங்கள் ஊர்த் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒரு நண்பருக்கு அனுப்புங்கள். உங்களுக்குத் தெரிந்த ஆலை மூடியபோது யாருக்கு என்ன கிடைத்தது, யாருக்கு எதுவுமே கிடைக்கவில்லை என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதைக் கீழே எழுதுங்கள், கம்பெனி பெயர் கூட வேண்டாம். அடுத்த ஒப்பந்தத்தில் என்ன எழுதணும் என்று அரசிடம் நாம் வைக்கப் போகும் கோரிக்கை அந்த அனுபவங்களிலிருந்துதான் வர வேண்டும்.

தொழில் வரட்டும். தொழிலாளி நிலைக்கட்டும்!

#வரவேற்போம்_எழுதிவாங்குவோம்
#ஒப்பந்தத்தை_வெளியிடு