குடுமியான்மலைக் கல்வெட்டும் ஒரு முதல் வலைப்பக்கமும்

நிரல் எழுதப் பழகுவோருக்கு முதற்பயிற்சியாக எதைக் கொடுப்பது என்ற கேள்வியில் இலக்கிய வாசகர்களுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். வேலை இருக்கிறது என்பது நம் கட்சி. பாடநூல்களும் பயிற்சி நிலையங்களும் திரும்பத் திரும்பக் கொடுப்பவை ஒரு கணிப்பான், செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல், பொத்தானை அழுத்தினால் நிறம் மாறும் பக்கம் ஆகியவைதாம். அவற்றில் குற்றம் ஏதும் இல்லை. ஆனால் எந்த ஊரிலிருந்து செய்தாலும் மாணவர்கள் அனைவரும் செய்து முடிப்பது ஒரே பக்கத்தை. முடித்த மறுநாள் செய்தவரே அதைத் திறந்து பார்ப்பதில்லை. பசுவைப் பற்றிய கட்டுரையைத் தலைமுறை தலைமுறையாக எழுத வைத்த கதைதான் இது.

அன்னவாசலிலோ இலுப்பூரிலோ இருந்து நிரல் கற்க வரும் ஒருவருக்கு, அவர் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பயிற்சி பாறையில் வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. குடுமியான்மலை இசைக் கல்வெட்டைச் சொல்கிறோம். சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய குன்றில், மேலைக்கோயில் எனப்படும் குடைவரையின் பக்கத்துப் பாறைமுகத்தில், ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடிப் பரப்பில் அது அமைந்துள்ளது. எழுத்து பல்லவ கிரந்தம். காலம் ஏழாம் நூற்றாண்டு என்பர். 1904இல் கண்டறியப்பட்டு, பி. ஆர். பண்டார்கரால் 'எபிகிராபியா இண்டிகா' பன்னிரண்டாம் தொகுதியில் பதிப்பிக்கப்பட்டது. உருத்திராசாரியாரின் மாணவனான, சிவபக்தி மிக்க மன்னன் ஒருவன் மாணாக்கர் நலன் கருதி இச்சுரக் கோவைகளைச் செய்வித்தான் என்கிறது அதன் முடிவுரை. மாணாக்கர் நலன் கருதி என்ற அந்தச் சொல்லைச் சற்றே நின்று கவனிக்க வேண்டும். கொடையையோ போர் வெற்றியையோ அறிவிக்க வந்த கல் அன்று அது. பாடம் சொல்ல வந்த கல்.

அதன் அமைப்பு நிரலாளருக்கென்றே வகுத்தது போலிருக்கிறது. மத்திம கிராமம், சட்ஜ கிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிக மத்திமம், கைசிகம் என ஏழு பகுதிகள். ஒவ்வொரு பகுதியும் சில உட்பிரிவுகளாகப் பிரிகிறது. உட்பிரிவு ஒன்றுக்கு 16 கூட்டங்கள். கூட்டம் ஒன்றுக்கு நான்கு அசைகள். ஆக, ஓர் உட்பிரிவுக்கு 64 அசைகள். சுரங்கள் ஸ, ரி, க என்று மட்டும் நில்லாமல் ஸ, ஸி, ஸு, ஸே என உயிர் மாறி வருகின்றன. ஓர் உட்பிரிவின் எல்லாக் கூட்டங்களும் ஒரே சுரத்தில் முடிகின்றன. பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள் இன்னொரு பட்டியல். அணி என்னும் தரவு வடிவத்தை விளக்க ஆசிரியர்கள் மளிகைக் கடைச் சாமான்களை அடுக்குவார்கள். இங்கே அது கல்லிலேயே இருக்கிறது.

மாணவர் செய்யவேண்டிய பக்கம் எளியது. ஒரே கோப்பு. எழுத்துகளை எச்.டி.எம்.எல். தாங்கும், கட்டங்களைச் சி.எஸ்.எஸ். வரிசைப்படுத்தும், தொட்டால் நிகழவேண்டியதை ஜாவாஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும். தளம் எதையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை, பழைய கணினியும் நோட்பேடும் போதும். ஏழு பகுதிகளுக்கு ஏழு பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் அப்பகுதியின் அசைகள் கட்டங்களில் நிரம்பும். ஓர் அசையைத் தொட்டால் அதே சுரம் வரும் இடங்களெல்லாம் நிறம் மாறும். கைபேசித் திரையில் 64 அசைகள் ஒரே வரியில் அடங்கா. அவற்றை உலாவியின் விருப்பத்துக்கு மடங்க விட்டால் கல்லின் ஒழுங்கு குலைந்துவிடும். வரிக்கு நான்கு கூட்டங்கள் என நாமே மடித்தால் ஒவ்வொரு நான்காம் அசையும் நேர்க்கோட்டில் வந்து நிற்கும். முடிவுச் சுரம் ஒன்றே என்பது சொல்லாமலே கண்ணுக்குத் தெரியும். பக்க வடிவமைப்பு அலங்காரம் அன்று, வாசிப்பு என்பதை மாணவர் அங்கே கற்றுக்கொள்வார்.

ஆங்கிலப் பாடங்களைப் பின்பற்றுவோர் சந்திக்கவே சந்திக்காத சிக்கல் ஒன்று இங்கு உண்டு. 'ஸரிகுமே' என்று எடுத்துக்காட்டுக்காக ஒரு கூட்டத்தை உள்ளிட்டு அதன் நீளம் என்ன என்று கணினியைக் கேட்டால் 4 என்று சொல்லாது. 7 என்று சொல்லும். ஒருங்குறியில் 'ஸ' ஒரு குறியீடு, 'ரி' இரண்டு குறியீடுகள், ஏனையவையும் அப்படியே. முதல்நாளே இந்த அதிர்ச்சி கிடைப்பது நல்லது என்போம். அசைகளுக்கிடையே இடைவெளி விட்டு உள்ளிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் அதற்குள் மாணவர் வேறொன்றையும் கண்டிருப்பார்: குறியீட்டு வரிசையில் மெய் முன்னும் உயிர்க்குறி பின்னும் நிற்பதால், அசையின் முதற்குறியீட்டை எடுத்தால் சுரம், எஞ்சியதை எடுத்தால் உயிர். 'ஸே' என்பதில் கொம்பு கண்ணுக்கு முன்னே தெரிந்தாலும் சேமிப்பில் பின்னேதான் இருக்கிறது. திஸ்கி எழுத்துருக்களோடு மல்லாடிய பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும், அதில் கொம்பு பார்வைக்கு நின்ற இடத்திலேயே சேமிப்பிலும் நிற்கும். அன்று இந்தப் பயிற்சியைச் செய்திருந்தால் பாதி நாள் கொம்பைத் துரத்துவதில் போயிருக்கும்.

உள்ளிடும்போது பிழை நேராதா? நேரும். நூற்றுக்கணக்கில் ஒன்றுபோலவே தோன்றும் அசைகளைத் தட்டச்சு செய்யும் எவரும் தடுமாறுவர். ஆனால் கல்லின் விதியே மெய்ப்புத் திருத்துநராக வாய்த்திருக்கிறது. உட்பிரிவின் 16 கூட்டங்களும் ஒரே சுரத்தில் முடிகின்றனவா, கூட்டத்துக்கு அசை நான்குதானா என்று பார்க்க நான்கைந்து வரி நிரல் போதும். எல்லாப் பிழையையும் அது பிடிக்காது. இடையில் 'மி' இருக்கவேண்டிய இடத்தில் 'மு' வந்தால் கண்டுகொள்ளாது. அதற்கு அச்சுப் பதிப்பை எதிரே வைத்துக்கொண்டு ஒருவர் வாசிக்க, மற்றவர் சரிபார்க்க வேண்டும். ஏட்டுச்சுவடிகளைப் பெயர்த்தெழுதியோர் செய்ததும் அதுதானே.

இதுவரை சொன்னதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இராது. ஒலி என்று வரும்போதுதான் நம் வாதம் தொடங்குகிறது.

பொத்தானை அழுத்தினால் சுரம் ஒலிக்கவேண்டும் என்று எந்த மாணவரும் ஆசைப்படுவார். இன்றைய உலாவிகளில் அது கடினமும் அன்று; பார்வையாளர் எதையேனும் தொடும்வரை ஒலி எழுப்ப விடாது என்பது ஒன்றே தடை. ஆனால் எந்த ஒலியை எழுப்புவது? இன்றைய சங்கராபரணத்தின் சுரங்களைப் போட்டுவிட்டால் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் ஏழாம் நூற்றாண்டுக் கல்லை இருபதாம் நூற்றாண்டு ஆர்மோனியத்தில் வாசித்ததாகும். பரத சாத்திரப்படி சட்ஜ கிராமத்தில் ஸ முதல் நி வரையான சுரங்களுக்கு முறையே 4, 3, 2, 4, 4, 3, 2 என 22 சுருதிகள். மத்திம கிராமத்தில் பஞ்சமம் ஒரு சுருதி தாழ்கிறது. அணியில் ஓர் எண்ணைக் குறைத்து அடுத்ததைக் கூட்டினால் நிரலிலும் அதைச் செய்துவிடலாம். அந்த 22 சுருதிகளும் சம அளவினவா என்பதே விவாதத்துக்குரியது. இவற்றுக்கு மேல் அந்த நான்கு உயிர்கள் நிற்கின்றன. அவை சுருதி நுட்பங்களைக் குறிக்கின்றன என்பது ஒரு கருத்து. வீணையை மீட்டும் வகைகளைக் குறிக்கின்றன என்பது இன்னொன்று. சில எழுத்துகளின் மேல் புள்ளிகள் வேறு உள்ளன. அவற்றின் பொருளிலும் ஒருமனப்பட்ட முடிவில்லை.

கணினி தயங்காது. ஓர் அதிர்வெண்ணைக் கொடுத்தால் ஒலித்துவிடும். கேட்பவர் 'இதுதான் அந்தக் காலத்து இசை' என்று நம்பிவிடுவார். ஊகம் என்று அடிக்குறிப்பில் எழுதி வைத்தாலும், காதில் விழுந்ததற்கு முன் அடிக்குறிப்பு எடுபடாது. மகேந்திரவர்ம பல்லவன் செய்வித்த கல்வெட்டு என்று சுற்றுலாக் கையேடுகள் திரும்பத் திரும்ப எழுதி அது உண்மைபோல் நிலைபெற்றுவிட்டதைப் பாருங்கள். கல்லில் மன்னன் பெயரே இல்லை. அப்பகுதி மகேந்திரனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்ததா என்பதே ஐயம்.

ஒலியே வேண்டாம் என்று சொல்லும் அறிஞர்களும் இருப்பர். அவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. மௌனமான பக்கம் கல்லின் நிழற்படத்துக்கு மேல் எதையும் தராது. ஊடாடும் பக்கம் என்ற சொல்லை முழுப்பொருளில் எடுத்துக்கொள்ளவேண்டும் என்பதே நம் யோசனை. பக்கத்தின் தலைப்பில் தெரிவுப் பெட்டிகள் இருக்கட்டும்: உயிர்கள் சுருதியா, மீட்டா? சுருதிகள் சமமா, சமமற்றவையா? எதையும் தேர்ந்தெடுக்காதவரை ஒலி வராது. தேர்ந்தெடுத்தவர் தம் ஊகத்தின் ஒலியைக் கேட்பார், மாற்றிக் கேட்பார், இரண்டும் வெவ்வேறு என்பதைக் காதாலேயே அறிவார். நிரல் மொழியில் இது ஒரு மாறியும் ஒரு நிபந்தனை வாக்கியமும்தான், இரண்டாம் வாரப் பாடம். தமிழ்ப் பதிப்பு மரபில் இதற்குப் பாடபேதம் என்று பெயர். உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில் வேறுபட்ட பாடங்களை மறைக்காமல் பக்கத்தின் அடியில் கொடுத்தார். அச்சில் அடியில் நின்றதை இங்கு வாசகர் கைக்கே கொடுத்துவிடலாம்.

தொடக்கநிலை மாணவருக்கு இவ்வளவு ஐயங்களைச் சுமத்தலாமா என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பார்கள். கணிப்பான் செய்யும்போது விடை முன்பே தெரியும்; ஆகவே நிரல் சரியா என்று மட்டும் பார்த்தால் போதும். இங்கே நிரல் சரியாக இருந்தும் விடை தெரியாமல் இருக்கலாம். இந்த வேறுபாட்டைப் பின்னால் கற்றுக்கொள்ளட்டும் என்று தள்ளிப்போட்டவர்கள் செய்த பக்கங்களைத்தான் இன்று இணையம் முழுதும் பார்க்கிறோம். கல்வெட்டை முழுமையாக ஏற்றவேண்டிய கட்டாயமும் இல்லை. முதல் வாரத்துக்கு மத்திம கிராமத்தின் ஓர் உட்பிரிவு, 64 அசைகள் போதும்.

கல்லின் இறுதியில் தமிழிலும் ஒரு குறுந்தொடர் இருக்கிறது. இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்பது அதன் கருத்து. எட்டும் ஏழும் யாழின் அல்லது வீணையின் நரம்புகளா, வேறெதுவுமா? அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு காலிப்பெட்டியை வைத்து, வருகிறவர்கள் தமக்குத் தோன்றியதை எழுதிப்போக விடலாம். பயனரிடமிருந்து உள்ளீடு பெறுவது எப்படி என்ற பாடத்தை அந்தப் பெட்டியிலேயே நடத்திவிடலாம்.