முறையிட இடமில்லையா?

காணியை ஈடுவைத்தேனும் பிள்ளையைப் படிப்பிக்க வேண்டும் என்பது நம் மக்கள் நெடுங்காலமாகப் போற்றிவரும் கொள்கை. அந்த நம்பிக்கையோடு அவுஸ்திரேலியாவின் வாயிலில் நிற்கும் மாணவர், விசா மறுக்கப்பட்டால் யாரிடம் முறையிடுவார்?

2011ஆம் ஆண்டு நவம்பரில் அந்நாட்டு அரசு, மாணவராக வருவோர் உண்மையாகவே தற்காலிகமாகத் தங்க வருபவர்தாமா என ஆராயும் விதியைக் கொண்டுவந்தது. படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பும் எண்ணம் உண்டென விண்ணப்பகாரரே நிலைநாட்ட வேண்டியிருந்தது. மனத்தில் உள்ள எண்ணத்துக்குச் சாட்சியை எங்கே தேடுவது? அது மட்டுமா? 2016 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 69ஆம் இலக்க அமைச்சர் பணிப்பு, விண்ணப்பகாரரின் தாய்நாட்டில் நிலவும் அரசியற் குழப்பத்தையும் கருத்திற் கொள்ளுமாறு அதிகாரிகளைப் பணித்தது. நாடு குழம்பியது மாணவர் செய்த குற்றமா? ஆள்வோர் பிழைக்கு மாணவர் தண்டம் இறுப்பது எவ்வூர் நியாயம்?

2024 மார்ச் 23இல் அவ்விதி நீங்கி, உண்மையான மாணவர்தாமா என ஆராயும் விதி வந்தது. இத்திருத்தத்தை வரவேற்கிறோம். ஆயினும் பழைய குறை தீரவில்லை. அவுஸ்திரேலியாவுக்குள் இருந்து விண்ணப்பித்தவர், 2024 ஒக்டோபர் 14 முதல் இயங்கும் நிருவாக மீளாய்வு நியாயசபையை நாடலாம். புதிய சான்றுகளையும் அங்கே முன்வைக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ விண்ணப்பித்தவருக்கு அக்கதவு அடைபட்டே இருக்கிறது. நீதிமன்றமோ சட்டப் பிழையை மட்டுமே நோக்கும். எஞ்சியிருப்பது புதிய விண்ணப்பமும் புதிய கட்டணமுமே. 710 டொலராக இருந்த அக்கட்டணம் 2024 ஜூலையில் 1,600 ஆகவும், 2025 ஜூலையில் 2,000 ஆகவும் ஏறியது. விசா மறுக்கப்பட்டாலும் அப்பணம் திரும்பாது.

தன் எல்லைக்குள் யார் வரலாம் எனத் தீர்மானிப்பது ஒரு நாட்டின் உரிமை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பணம் பெற்றுத் தீர்ப்புக் கூறுவோர், அத்தீர்ப்புப் பிழைத்தால் அதைக் கேட்க ஓரிடம் வைப்பதே முறை. உள்ளே இருப்பவருக்குப் பொருந்தும் நீதி வெளியே நிற்பவருக்கும் பொருந்த வேண்டும்.

நம் இளைஞருக்கும் ஒரு வார்த்தை. தரகர் எழுதித் தரும் பொது வாசகத்தை நம்பாதீர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 150 சொற்களுக்கே இடமுண்டு. ஏன் இப்படிப்பு, இதனால் விளையும் பயன் யாது என்பதை உங்கள் சொந்தச் சொல்லில் எழுதுங்கள். பொய்ப் பத்திரம் பிடிபட்டால் மூன்றாண்டுகள் வாயில் அடைபடக்கூடும். மறுப்புக் கடிதம் வந்தால், அதிற் கூறப்பட்ட காரணம் ஒவ்வொன்றுக்கும் சான்று தேடிய பின்னரே மீண்டும் விண்ணப்பியுங்கள். அங்கே இருப்போர் கடிதத்திற் குறித்த தவணையைத் தவறவிடக் கூடாது; தவறினால் அதை நீட்டும் அதிகாரம் நியாயசபைக்கும் இல்லை.

நாம் கேட்பது சலுகையன்று. முறையிட ஓரிடம் மட்டுமே.