சதிரும் அதன் உரிமையாளரும்

பரதநாட்டியம் என்றவுடனே ஈராயிரம் ஆண்டுப் பழைமை பேசுவது நம்மவர் வழக்கம். மாதவியின் அரங்கேற்றத்தை எடுத்துக்காட்டுவது தவறன்று. ஆயினும், அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் இன்றைய முறைவைப்பு அத்துணைப் பழையதன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தஞ்சை மராட்டிய அரசவையைச் சார்ந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய நால்வர் அதனைச் செப்பஞ் செய்தனர். ஆடிக் காத்தவர் தேவதாசியர், ஆட்டுவித்தவர் நட்டுவனார்.

1930களில் சதிர் என்னும் பெயர் ஒதுங்கிற்று. 1947இல் சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுத்தது. அச்சட்டம் வேண்டப்பட்டதே, அதில் எமக்கு ஐயமில்லை. ஆனால், வழக்கத்தை விலக்கியவர்கள் கலைஞரையும் ஏன் விலக்கினார்கள்? கலை குலமகளிர்க்கு உகந்ததாயிற்று. அதைக் கற்பித்த குலம் மட்டும் உகந்ததாகவில்லை!

எஞ்சி நின்றோருள் தலையாயவர் பாலசரஸ்வதி. வீணை தனம்மாளின் பேர்த்தி; நால்வர் மரபில் வந்த கந்தப்பபிள்ளையின் மாணவி. பதத்தைத் தாமே பாடிக்கொண்டு, ஓரடியையே பலவாறு விரித்து அபிநயித்தவர். 1973இல் சென்னை வித்துவ சபையின் சங்கீத கலாநிதி விருது நடனக் கலைஞருள் முதன்முதல் அவருக்கே கிடைத்தது.

நம் நாட்டு மாணவியர் தீர்மானங்களில் காட்டும் கால்வேகம் வியக்கத்தக்கதே. பதம் வந்ததும் முகம் பேச மறுக்கிறது. யாம் கண்ட அரங்கேற்ற மலர்கள் பலவற்றில் பரத முனிவர் தவறாது வருகிறார். நால்வர் சிலவேளை வருகின்றனர். தேவதாசியருக்கு அம்மலர்களில் ஒரு பக்கம் ஒதுக்குமாறு நடன ஆசிரியர்களை வேண்டுகிறோம்.