சிறைக்கம்பிக்குத் திரை போடாதீங்கோ

"பழைய மெஷின் எண்டா அப்பிடித்தான்." ஃபாமிகாம் படத்தில் மேலிருந்து கீழாக நிற்கும் மங்கல் கோடுகளைக் காட்டினால் வரும் பதில் இது. இன்னொன்றும் இருக்கு: "நல்ல அப்ஸ்கேலர் ஒண்டு வாங்கினாச் சரி." முதலாவது சோம்பல், இரண்டாவது வியாபாரம். நாங்கள் இரண்டையும் ஏற்கவில்லை.

நின்டெண்டோ 1983இல் வெளியிட்ட ஃபாமிகாம், படத்தை ரீவியின் அன்ரனா வழியாகத்தான் அனுப்பும். ஏ.வி. வெளியீடு உள்ள வடிவம் வந்தது 1993இல். அதனால் பழையதை வைத்திருப்பவர்கள் ஒரு டிரான்சிஸ்டரும் நாலைந்து சில்லறைப் பாகங்களும் போட்டு ஏ.வி. எடுக்கிறார்கள். படம் தெளிவாகுது. கூடவே கோடுகளும் தெளிவாகுது! நீல வானம் மாதிரி ஒரே நிறம் பரந்த இடத்தில் நல்லாத் தெரியும். சிறைக்கம்பி, அதாவது 'ஜெயில்பார்' எண்டு அதுக்குப் பெயர்.

ஏன் கம்பி மாதிரி நிற்குது? படத்தை உருவாக்கும் பிபியு சிப், 8 புள்ளிக்கு ஒரு சுற்று என்று நினைவகத்தை வாசிக்குது. 256 புள்ளி அகலமான வரியில் 32 தடவை, ஒவ்வொரு வரியிலும் அதே இடங்களில். அந்தத் துடிப்பு வீடியோவுக்குள் கசிந்தால், கசிவும் வரிக்கு வரி ஒரே இடத்தில் விழும். கசியத் தூரமும் இல்லை. வீடியோ வெளிவரும் 21ஆம் கால் இருக்கும் அதே பக்கத்தில்தான் 25 முதல் 38 வரை முகவரி, தரவுக் கால்கள்.

இப்ப அப்ஸ்கேலரை யோசியுங்கோ. அசையாத இரைச்சல் அதுக்குப் படத்தின் ஒரு பகுதி. கம்பியையும் பெரிதாக்கி, கூர்மையாக்கித் தரும். மென்மையாக்கும் ஃபில்டர் போட்டால் கம்பியோடு பாத்திரங்களின் விளிம்பும் கரையும். காசு கொடுத்து வாங்கிய மங்கல் அது.

இரைச்சலைப் பிறக்கிற இடத்தில் பிடிக்க வேணும். 21ஆம் காலைப் பலகையிலிருந்து விடுவித்து மேலே நிமிர்த்துங்கோ. சிக்னலை அதிலிருந்தே எடுங்கோ. டிரான்சிஸ்டர் சுற்று அந்தக் காலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். அங்கிருந்து சொக்கெற்றுக்குக் கவசமுள்ள வயர். 40ஆம் காலுக்கும் (5 வோல்ட்) 20ஆம் காலுக்கும் (கிரவுண்ட்) இடையில் 0.1 மைக்ரோஃபரட் செராமிக் கப்பாசிட்டர் ஒன்று, வயரை நீட்டாமல். திரையில் நகரும் அலை தெரிந்தால் அது வேறு நோய்: முதலில் அடப்டரைச் சந்தேகப்படுங்கோ. மலிவான சுவிட்சிங் அடப்டர் தன் இரைச்சலையும் சேர்த்துத்தான் தரும்.

கம்பி முழுசாகப் போகும் எண்டு நாங்கள் சொல்லேல்லை. சிப்புக்குள்ளேயே கொஞ்சம் கசியும். அதுவும் போக வேணுமெண்டால் என்ஈஎஸ்ஆர்ஜிபி போன்ற பலகை இருக்கு, நல்ல பலகைதான். ஆனால் அதுக்கு 40 காலையும் கழற்ற வேணும். சூடு கூடினால் செப்புப் பாதை உரியும். நின்டெண்டோ இந்த மெஷினை இனிச் செய்யப்போவதில்லை, கெட்டது கெட்டதுதான்.

ஒரு காலை நிமிர்த்திப் பார்க்காமல் 40 காலைக் கழற்றச் சொல்லுறவர் உங்களுக்கு உதவி செய்யேல்லை, உங்களுக்கு விற்கிறார். கம்பி நிற்குதா நகருதா எண்டு முதலில் பாருங்கோ. பிறகு காசை எடுங்கோ.