பதிவு வேண்டும், கட்டணம் வேண்டாம்: கால்நடை மருத்துவர்கள் மருந்து வழங்குவது குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

வத்திராயிருப்பு வட்டாரத்தில் கறவை மாடும் ஆடும் வளர்ப்பவர்களின் அமைப்பாக இந்த அறிக்கையை வெளியிடுகிறோம்.

எங்கள் நிலைப்பாடு

கால்நடைகளுக்குத் தாமே மருந்து எடுத்துக் கொடுக்கும் தனியார் கால்நடை மருத்துவர் ஒவ்வொருவரும் மருந்து வைத்திருக்கும் இடத்தைப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது.

இன்றைய சட்டம்

தம்மிடம் சிகிச்சை பெறுவோருக்கு மருந்து தரும் மருத்துவருக்கு விற்பனை உரிமம் தேவையில்லை என்று 1945ஆம் ஆண்டு மருந்துகள் விதிகளின் 'கே' அட்டவணை விலக்கு அளிக்கிறது. தகுதி பெற்ற கால்நடை மருத்துவரும் இதில் அடங்குவார். திறந்த கடை நடத்தக் கூடாது, கவுன்டரில் விற்கக் கூடாது என்பவை நிபந்தனைகள். கடை வைத்தால் 20, 21ஆம் படிவ உரிமங்கள், தலா 1,500 ரூபாய் கட்டணம், குறைந்தது 10 சதுர மீட்டர் இடம், பார்மசிஸ்ட் எல்லாம் வேண்டும். இந்த வேறுபாடு நியாயமானது. அது நீடிக்க வேண்டும்.

கட்டணம் ஏன் கூடாது

கன்று ஈன்ற மாடு பால்காய்ச்சலில் சாய்ந்துவிட்டால் உடனே கால்சியம் ஏற்றியாக வேண்டும். பிளவக்கல் அணைப் பக்கத்துத் தொழுவத்தில் நள்ளிரவில் அது நடக்கும்போது, சீட்டு எழுதி ஸ்ரீவில்லிபுத்தூர் மெடிக்கலுக்கு அனுப்பினால் மாடு தங்காது. மருந்து டாக்டரின் பையிலேயே இருக்க வேண்டும். பிரிட்டனில் 2009 முதல் இத்தகைய இடங்களைப் பதிவு செய்கிறார்கள், கட்டணமும் வாங்குகிறார்கள். பதிவை வரவேற்கிறோம். ஆனால் இங்கே அந்தக் கட்டணம் கடைசியில் இரண்டு மாடு வைத்திருப்பவர் தலையில்தான் விடியும். அதைத் தவிர்க்க அவர் தகுதியில்லாதவரின் ஊசியை நாடினால் கேடு இரட்டிப்பாகும்.

பதிவு ஏன் அவசியம்

மருந்து செலுத்திய பின் பாலையும் இறைச்சியையும் எத்தனை நாள் விலக்க வேண்டும் என்பதை லேபிளில் அச்சிட 2012ஆம் ஆண்டுத் திருத்தம் கட்டாயமாக்கியது. தனியாகக் குறிப்பிடாத மருந்துக்குப் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். டாக்டர் பையிலிருந்து எடுத்துப் போடும் ஊசியின் லேபிளை மாட்டுக்காரர் பார்ப்பதில்லை. மடிவீக்கத்துக்குப் போட்ட மருந்து எல்லாம் பாலைக் காய்ச்சினால் அழிந்துவிடாது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவின் பெயர் எங்கள் பாலை நம்பி இருக்கிறது. பாறுக் கழுகுகளைக் கொல்வதால் கால்நடைகளுக்கு 2006இல் தடை செய்யப்பட்ட டைக்ளோஃபெனாக், 2023இல் தடை செய்யப்பட்ட கீட்டோபுரொஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவை புழங்காமல் இருக்கவும் பதிவான இடங்களை ஆய்வு செய்வது உதவும்.

அரசிடம் கேட்பவை

1. மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்யும் புதுப்பித்தலோடு, அதே விண்ணப்பத்தில் இந்தப் பதிவும் முடிய வேண்டும்.
2. மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி, பால் ஊற்றக் கூடாத நாட்கள் ஆகியவை எழுதிய தமிழ்ச் சீட்டை மருத்துவர் தர வேண்டும்.
3. ஆய்வுச் செலவை அரசே ஏற்க வேண்டும். பொதுமக்கள் குடிக்கும் பாலைக் காப்பது பொதுப் பணி.
4. தகுதியில்லாமல் ஊசி போடுவோர் மீது நடவடிக்கை வேண்டும்.

எங்கள் பொறுப்பு

சீட்டில் குறித்த நாட்கள் முடியும்வரை அந்த மாட்டின் பாலை சொசைட்டிக்கோ பால்கோவாக் கடைக்கோ ஊற்ற மாட்டோம். சீட்டுகளைப் பத்திரப்படுத்தி, அதிகாரிகள் கேட்கும்போது காட்டுவோம். இந்த இழப்பை ஏற்க நாங்கள் தயார். கட்டணமில்லாப் பதிவை அறிவிக்க அரசும் முன்வர வேண்டும்.