தெரிந்த சொல்தான் ஏமாற்றும்

மட்டாஞ்சேரியில் கொங்கணியும் குஜராத்தியும் காதில் விழுந்தால் நமக்குப் புரியாது, அர்த்தம் கேட்டுக்கொள்கிறோம். மலையாளத்திடம்தான் ஏமாறுகிறோம். 'தமிழ் மாதிரிதானே' என்ற தைரியம்!

வெள்ளம் என்றால் இங்கே குடிக்கிற தண்ணீர். நம்முடைய வெள்ளம் இவர்களுக்கு வெள்ளப்பொக்கம். 2018 ஆகஸ்டில் இரண்டு சொல்லும் வேண்டியிருந்தது. 'சம்சாரம் மதி' என்றால் பேச்சை நிறுத்தச் சொல்கிறார்கள். மனைவி போதும் என்றல்ல.

இவை சிரிப்போடு போய்விடும். விஷமம் அப்படியல்ல. துக்க வீட்டில் 'வலிய விஷமமாயி' என்பார்கள், மிகவும் வருந்தினோம் என்று. நம் காதில் அது குறும்பு! வேலை கேட்டுப் போன இடத்தில் 'அவசரம் இல்லா' என்றால் வாய்ப்பு இல்லை என்று பொருள். ஊரிலிருந்து புதிதாக வந்த பையனோ, மெதுவாகத் தருவார்கள் என்று மாதக்கணக்கில் காத்திருப்பான்.

மலையாளிகள் சொல்லைக் கெடுத்துவிட்டார்கள் என்று நம்மவர்கள் சிலர் பேசுவது சரியல்ல. வடமொழியில் அவசரம் என்றால் தருணம், மாற்றியவர்கள் நாம்தான். இவர்கள் 'பறையுன்னு' என்பதும் பழந்தமிழ்ப் பறைதலே. குமரி மாவட்டத்தில் இன்றும் வழங்குகிறது.

சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இப்படி ஐம்பது சொற்களை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்கலாம். முதல் வரியில் அவசரத்தைப் போடுங்கள்: நம் அவசரத்துக்கு இங்கே அடியந்திரம்.