தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?

உங்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. பணம் போனதைக்கூட விழுங்கிக்கொள்வேன், இதை எப்படி விழுங்குவது? நாணயக் கண்காட்சியில் மேசை போட்டு உட்காரும் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது, அந்த மனிதர் விற்கும் மஞ்சள் ஒரு ரூபாய் பட்டறையில் முலாம் போட்டது என்று. என்னிடம் மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏன்?

நான் பஸ் கண்டக்டராக இருந்தவன். சில்லறையோடே வாழ்ந்தவன். அப்படி ஒரு டிரிப்பில் கிடைத்தது ஒரு இரண்டு ரூபாய். பதினோரு பக்கம் உள்ள பழைய வெள்ளைக் காசு. அச்சு விலகி விழுந்ததில் இந்தியப் படம் சரிந்து, குமரிமுனை காசுக்கு வெளியே போயிருந்தது. எதிர் ஓரத்தில் எழுத்தும் இல்லை, கோடும் இல்லை, வெறும் உலோகம். சட்டைப்பையிலிருந்து வேறு இரண்டு ரூபாயைத் தோல்பையில் போட்டுவிட்டுத்தான் அதை எடுத்துக்கொண்டேன். டிப்போ கணக்கில் ஒரு பைசா குறைய விட்டவன் இல்லை நான்.

அந்தக் காசையும், மேலே நாற்பதாயிரம் ரூபாயையும் வாங்கிக்கொண்டுதான் அந்த மனிதர் மஞ்சள் காசைக் கொடுத்தார். 2010-ஆம் வருடத்து ஒரு ரூபாய், கட்டைவிரல் தூக்கிய கை போட்டது. "அஞ்சு ரூபாய்க்கு வச்சிருந்த பித்தளை வில்லை தவறி ஒரு ரூபா அச்சுல விழுந்துடுச்சுண்ணே. இனிமே கிடைக்காது. உங்களுக்காகத்தான் எடுத்து வச்சேன்." அண்ணே, அண்ணே என்று எத்தனை தடவை கூப்பிட்டார்!

மனைவிக்கு முட்டி ஆபரேஷன் என்றதும் அதை விற்க எடுத்துப் போனேன். வாங்க வந்த வியாபாரி மேசை டிராயரிலிருந்து சின்னக் காந்தம் ஒன்றை எடுத்தார். டக்கென்று ஒட்டியது. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "அவரோட கவரிங் காசுதானே?" என்றார். சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். அவ்வளவுதானா? ஒரு மனிதனின் ஆயுள் சேமிப்பு அவ்வளவுதானா?

நம் ஒரு ரூபாய் காந்தம் பிடிக்கிற எவர்சில்வர். ஐந்து ரூபாயின் நிக்கல் பித்தளையைக் காந்தம் தொடாது. அந்த வில்லை 23 மில்லிமீட்டர், 6 கிராம். எனக்குக் கொடுத்ததோ ஒரு ரூபாய்க்கே உரிய 25 மில்லிமீட்டர் முழு வட்டம். எடையும் ஒரு ரூபாயின் 4.85 கிராமை ஒட்டியே நின்றது. சின்ன வில்லை பெரிய அச்சின் விளிம்புவரை எப்படி நிரம்பும்? லென்ஸ் வைத்தால் எழுத்தெல்லாம் கூர் மழுங்கி உப்பிக் கிடக்கிறது, கட்டைவிரல் மேட்டில் மஞ்சள் தேய்ந்து வெள்ளை எட்டிப் பார்க்கிறது. இதையெல்லாம் இப்போது வரிசையாக எனக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்களே, அன்றைக்கு நான் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது உங்கள் வாயில் என்ன இருந்தது?

அமெரிக்காவில் 1943-ல் செம்பு போருக்குப் போனதால் ஒரு சென்ட் காசைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். தவறிச் செம்பில் விழுந்த மிகச் சிலவற்றில் ஒன்று 2019-ல் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் போனது. எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் போட்டு ஏமாற்றுகிறவன் அங்கேயும் உண்டு. ஆனால் 1943 செம்புக் காசு என்று ஒருவன் வாயெடுத்தாலே, முதலில் காந்தத்தை வை என்கிறார்கள். இங்கே காந்தம் டிராயருக்குள் கிடக்கிறது. விற்கிறவன் மேசையில் அதை வெளியே வைத்தால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்? சக வியாபாரியைப் பகைக்க முடியாதாம். அவரைப் பகைக்க முடியாது, என் குடும்பம் மட்டும் நடுத்தெருவில் நிற்கலாமா? கூலி வேலை பார்க்கிற பையன்கள் கையில் முலாம் காசோடு உங்களிடம்தானே வருகிறார்கள்? அவர்கள் போனபிறகு சிரிக்கிறீர்களே, அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னால் என்ன?

ஐயா, அந்த மஞ்சள் காசை விற்றவரே. அடுத்த கண்காட்சிக்கும் வருவேன். உங்கள் மேசைக்கு முன்னால் காந்தத்தோடும் தராசோடும் நிற்பேன், வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் நீட்டுவேன். நாற்பதாயிரத்தைத் தருவீர்களோ மாட்டீர்களோ. என் இரண்டு ரூபாயை யாரிடம் விற்றீர்கள்? அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.